கவனக்குறைவாம், மறுபயிற்சியாம்!

அந்த 8டி ரிப்போர்ட்டை (வாடிக்கையாளர் புகாருக்கு எட்டுப் படியில் காரணம் தேடித் தீர்வு எழுதும் அறிக்கை) பற்றி நேற்றிலிருந்து இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வண்டியில் போகிற ஒரு பாகத்தின் கவரில் கசிவு என்று புகார். அதற்கு அவர்கள் எழுதிய ரூட் காஸ், அதாவது மூலகாரணம்: "ஆபரேட்டரின் கவனக்குறைவு". நடவடிக்கை: "மறுபயிற்சி அளிக்கப்பட்டது". கேஸ் குளோஸ். எட்டுப் படியையும் ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள், வாழ்த்துகள்.

கவனக்குறைவு ரூட் காஸே இல்லை. விசாரிக்கிறவர் களைத்து உட்கார்ந்த இடம் அது.

போட்டோக்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கவரில் நான்கு போல்ட். லூஸானது ஒன்றுதான், அதுவும் எல்லாப் பீஸிலும் அதே மூலை. கவனமில்லாத மனிதர் அவ்வளவு ஒழுங்காகவா தவறுவார்? அந்த மூலையில் போல்ட் தலைக்கு அடியில் பெயின்ட் திரண்டு நிற்கிறது. டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு இறுக்கியதும் 'கிளிக்' சொல்லும் ஸ்பேனர்) நாம் கொடுக்கும் டார்க்கில், அதாவது முறுக்குவிசையில், ஏறக்குறைய 90 சதவீதத்தை உராய்வே தின்றுவிடும். போல்ட்டை இழுத்துப் பிடிப்பது மிச்சமுள்ள 10தான். ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், அவரும் டிக் போடுவார். வண்டி சூடாகி ஆறும்போது தடித்த பெயின்ட் நசுங்கும், பிடிப்பு போய்விடும்.

பெயின்ட்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சோதிக்கலாமே! பெயின்டைச் சுரண்டி 5 பீஸ், சுரண்டாமல் 5 பீஸ். ஒரே ஆள், ஒரே ரெஞ்ச். சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி டார்க் பாருங்கள். காரணத்தைப் போட்டால் பழுது வரணும், எடுத்தால் போகணும். அரை நாள் வேலை. மறுபயிற்சி ஷீட்டில் கையெழுத்து வாங்க அதைவிட நேரமாகியிருக்கும்.

அது இருக்கட்டும், லீக் டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது? இறுக்கிய கையோடு, வண்டி சூடாகி ஆறுவதற்கு முன்பே டெஸ்ட் வைத்தால் எப்படிக் கசியும்? ஏன் வந்தது, ஏன் கண்ணில் படாமல் போனது என்று நான்காம் படியில் இரண்டு கேள்வி உண்டு. இரண்டாவதற்கு ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறார்கள்.

"24 மணி நேரத்தில் பதில் கேட்கிறார்கள் சார்" என்று வருவீர்கள். அது மூன்றாம் படிக்கு. ஸ்டாக்கைப் பிரித்து வை, வழியில் போகிற சரக்கை நிறுத்து, அவ்வளவுதான். ரூட் காஸை மறுநாள் காலைக்குள் யாரும் கேட்பதில்லை.

"5 Why (ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்பது) போட்டோமே!" போட்டீர்கள், ஐந்து வரியிலும் அந்த ஆபரேட்டர்தான். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணத்தில் மெஷின் நின்றது, ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் இல்லை. பம்ப் இழுக்கவில்லை, அதன் தண்டு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாததால் உள்ளே உலோகத்தூள். ஐந்திலும் ஆளே கிடையாது. நம் ஆட்களாக இருந்தால் ஃபியூஸை மாட்டிவிட்டு, எண்ணெய் போடுகிறவருக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

"அப்போ ஆபரேட்டர் தப்பே செய்யமாட்டாரா?" செய்வார். நானும் செய்வேன், நீங்களும். அதனால்தான் நான்கு கிளிக்கும் எண்ணிக்கையில் விழாமல் பீஸை விடாத கிளாம்ப் வைக்கிறார்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு முதலில் வைத்த பெயர் 'பாக்கா-யோகே'. 'பாக்கா' என்றால் முட்டாள். அந்தப் பெயர் ஒரு தொழிலாளியின் மனதைப் புண்படுத்தியது என்று தெரிந்ததும் 'போக்கா-யோகே' என்று மாற்றினார், கை தவறுவதைத் தடுப்பது என்ற பொருளில். இது நடந்து அறுபது வருஷம் ஆகிறது. நாம் இன்னும் 'பாக்கா'விலேயே நிற்கிறோம், பெயர் மட்டும் மரியாதையாக 'கவனக்குறைவு'.

மறுபயிற்சி ஷீட்டை இன்னொரு தடவை பாருங்கள். அசெம்பிளியில் இருக்கிற ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் ஷாப்பிலிருந்து ஒரு கையெழுத்துகூட இல்லை.