சின்னக் கை எத்தனை தூக்குதோ, பெரிய கையும் அத்தனைதான்

போன வாரம் ஜிம்மில் ஒரு தம்பி இன்ச் டேப்போடு வந்து நின்றான். காலேஜ் முதல் வருஷம். "அண்ணா, வலது கை 13 இன்ச், இடது 12.5. இடதுக்கு மட்டும் தனியா நாலு செட் சேர்த்து அடிக்கிறேன், மூணு மாசமா ஏறவே மாட்டேங்குது" என்றான். முகம் அப்படி வாடிப் போயிருந்தது. செட் என்றால் நிறுத்தாமல் தொடர்ந்து தூக்குகிற ஒரு சுற்று. யார் சொன்னது நாலு செட் என்று கேட்டேன். முன்னாடி போய்க்கொண்டிருந்த ஜிம்மில் மாஸ்டர் சொன்னாராம். அன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் இதே பேச்சைக் கேட்டு என் சிநேகிதன் ஒருவன் ஐந்து மாதத்தை வீணாக்கினான், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இரண்டு கையும் அச்சு வார்த்த மாதிரி யாருக்கும் இருக்காது. நான் சென்னை காசிமேட்டில் படகு பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, சுத்தியல் முழுக்க வலது கையில்தான். தடைக்காலம் முடிந்து அளந்தால் வலது முன்கை தடித்துத்தான் இருக்கும். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கிற கையில் தசை மட்டுமில்லை, எலும்பே தடிக்கும். நம்ம ஏரியாவில் பாக்ஸிங் பழகுகிற பசங்களைச் சட்டையில்லாமல் பார்த்தால் தெரியும், ஜாப் என்கிற நேர்க்குத்து விடுகிற கையின் தோள் ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி. கால் இன்ச், அரை இன்ச் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அப்புறம் அளக்கிற லட்சணம். பயிற்சி முடிந்து ரத்தம் பாய்ந்து புடைத்த, அதாவது பம்ப் ஏறிய கையில் டேப் வைக்கிறான், அதுவும் வலதில் மேட்டின் உச்சியில், இடதில் ஒரு விரல் கீழே. தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பயிற்சிக்கு முன்னாடி, கையைத் தொங்கவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதும். அந்தத் தம்பிக்கு நானே அப்படி அளந்தேன். அரை இன்ச் கால் இன்ச்சாகக் குறைந்தது, அவன் முகத்தில் பாதி தெளிவு அங்கேயே வந்துவிட்டது.

சரி, அந்தக் கால் இன்ச் எங்கிருந்து வந்தது? அவனை இரண்டு கையாலும் ராடு பிடித்து, முழங்கையை மடக்கித் தூக்குகிற கர்ல் அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்து வரைக்கும் ராடு நேராக வந்தது. ஆறாவதில் வலது முனை முந்தியது. எட்டாவதில் இடது முழங்கை விலாவை விட்டுப் பின்னால் போய், இடுப்பைச் சாய்த்து, தோளால் இழுக்கிறான். கண்ணாடியில் பார்த்தால் பத்து ரெப்ஸ், அதாவது பத்து தடவை தூக்கி முடிந்திருக்கிறது, ஆனால் மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் இடதில் உழைத்தது ஆறுதான். ராடில் பலமான கை பாரத்தை வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றிவிடும். இப்படி வருஷக்கணக்கில் அடித்துவிட்டு, கடைசியில் நாலு செட் தனியாக அடித்தால், ஏற்கெனவே களைத்த கை இன்னும் கோணலாகத்தான் தூக்கும்.

என் கருத்து இதுதான். மூன்று மாதம் கைக்கான பயிற்சியில் ராடைத் தொடாதே, டம்பெல் எடு, ஒரு கை முடிந்து அடுத்த கை. சின்னக் கையில் ஆரம்பி. 8 கிலோவில் அது சுத்தமாக ஒன்பது தூக்கினால், பெரிய கையும் ஒன்பதோடு நிற்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வரும், மனசு துடிக்கும், இருந்தாலும் கீழே வை. பசங்களுக்குக் கஷ்டமே இந்த இடம்தான். பெரிய கை கரைந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள், ஒன்பது தூக்குகிற கை எங்கேயும் கரையாது. மூன்று மாதத்துக்கு அப்புறமும் வித்தியாசம் அப்படியே இருந்தால் சின்னக் கைக்கு ஒரே ஒரு செட் சேர்த்துக்கொள், நாலு வேண்டாம். இன்னொன்று, மேல்கையில் பெரிய தசை பின்னால் இருக்கிற டிரைசெப்ஸ்தான், பைசெப்ஸ் இல்லை. அளவு ஏறவில்லை என்று கர்லையே அடித்துக்கொண்டிருக்கிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

கை உடைந்து மாவுக்கட்டு போட்டதால் இளைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கையைப் பழக்கினால் பழக்காத கைக்கும் கொஞ்சம் பலம் ஏறும் என்று 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவர் சோதித்து எழுதியிருக்கிறார். பலம் தசையில் மட்டும் இல்லை, மூளையும் நரம்பும் சேர்ந்த விஷயம். அதனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நல்ல கையைப் பழக்குங்கள், ஜிம்மை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

பைசெப்ஸின் வடிவம் வேறு சங்கதி. தசை எங்கே போய் எலும்பில் ஒட்டுகிறது என்பது பிறவியிலேயே இரண்டு கைக்கும் கொஞ்சம் மாறலாம், ஒரு பக்கம் மேடு கூராக, இன்னொரு பக்கம் நீளமாகத் தெரியும். எந்தக் கர்லாலும் அதை மாற்ற முடியாது. அதை மாற்றுகிறேன் என்று எண்ணெய் ஊசி ஆசை காட்டுகிறவன் எவனாக இருந்தாலும் கிட்டே சேர்க்காதீர்கள். அந்த எண்ணெய் தசையாக மாறாது, உள்ளேயே கட்டிப்போய்ச் சீழ் பிடித்தால் கையைக் கீறித்தான் அதை வெளியே எடுக்க வேண்டிவரும். பதினெட்டு வயசுப் பிள்ளைகளிடம் இதைப் பேசுகிறார்கள் என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது.

இப்போது என் சிநேகிதன் கதை. லோடுமேன், மூட்டை தூக்கியே திரண்ட உடம்பு. இடது கையின் பின்பக்கம் மட்டும் மாதா மாதம் வற்றிக்கொண்டே வந்தது. அவன் போன ஜிம்மிலும் எக்ஸ்ட்ரா செட்தான் அடிக்கச் சொன்னார்கள். ஐந்து மாதம் அடித்தான். ஒரு நாள் டீக்கடையில் கிளாஸை இடது கையில் வாங்கியவன், "நடுவிரல்ல சூடே தெரியலடா" என்றான். எனக்குத் திக்கென்று ஆனது. மறுநாளே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கழுத்தில் ஆறாவது எலும்புக்கும் ஏழாவது எலும்புக்கும் நடுவில் நரம்பு அழுந்தியிருக்கிறது. டிரைசெப்ஸுக்குப் போகிற நரம்பு அது, நடுவிரல் மரத்ததும் அதனால்தான். அறுவை சிகிச்சை இல்லாமல் பிசியோதெரபியிலேயே தேறிவிட்டான், ஆனால் அந்தக் கை இன்னும் பழைய மாதிரி முழுசாக வரவில்லை. ஐந்து மாதம் முன்னாடியே போயிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே வித்தியாசம் ரொம்ப நாளாக ஒரே அளவில் இருந்தால் டம்பெல் போதும். கொஞ்ச நாளிலேயே ஒரு கை இளைக்கிறது, விரல் மரத்துப்போகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது, கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்குகிறது, அல்லது தூக்கும்போது பட்டென்று சத்தம் கேட்டு பைசெப்ஸ் உருண்டை கட்டி நிற்கிறது என்றால் மாஸ்டரைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிற நம்ம ஏரியா பசங்க இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஓபி சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், பட்டறையில் சொல்லிவிட்டு நானே கூட வருகிறேன்.