பென்னிங்டன் ஆய்வு சொன்னது வேறு
கல்லூரியில் மாறும் அரசியல் கருத்து பட்டம் வாங்கியதும் பழையபடி ஆகிவிடும், அமெரிக்காவின் பென்னிங்டன் பெண்கள் கல்லூரியில் 1930களில் நடந்த ஆய்வே அதற்குச் சான்று என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அந்த ஆய்வு கண்டது நேர்மாறானது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அந்தக் கல்லூரியில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் பழமைவாதச் சார்புள்ள குடியரசுக் கட்சியின் வேட்பாளர் லேண்டனை ஆதரித்தார்கள். மூத்த மாணவிகளில் சுமார் 15 சதவீதம்தான். அப்புறம் 1960களின் தொடக்கத்தில் இந்த ஆய்வை நடத்திய சமூக உளவியலாளர் தியடோர் நியூகோம் அதே பெண்களைத் தேடிப்பிடித்து மறுபடி விசாரித்தார். பெரும்பாலோர் கல்லூரியில் வந்தடைந்த கருத்திலேயே இருந்தார்கள். ஒத்த எண்ணமுள்ள கணவரும் நண்பர்களும் அமைந்தது அதற்கு முக்கியக் காரணம் என்றார் அவர். எனக்கு இதுதான் ஆய்வின் மிக அருமையான பகுதி. சரிபார்க்க விரும்புவோர் நியூகோமின் 1943 நூலோடு நிறுத்தாமல், 1967இல் வந்த தொடராய்வு நூலையும் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சமூக உளவியல் பாடநூல்கள் பலவற்றிலும் இதன் சுருக்கம் உண்டு.