சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது பிழை அல்ல

ஓர் ஊடகம் வெளியிட்ட நேர்காணலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் விவரங்களுக்குள் நான் போகவில்லை. பேட்டி கொடுத்தவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தலைப்பாக்கினார்கள். முழு ஒலிப்பதிவு வெளியானதும், ஒரு வரித் திருத்தம்கூடப் போடாமல் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். பெயரில் எழுத்து மாறுவது பிழை. ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது பொய்.

அவசரத்தில் நடந்துவிட்டது என்கிறார்கள். அவசரத்தில் ஒரு சொல் விடுபடலாம்; ஒரு வாக்கியம் புதிதாக முளைக்காது. 1980இல் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஜேனட் குக் எழுதிய, ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனின் கதை அவசரத்தில் எழுதப்பட்டதா? அவனைக் காப்பாற்றக் காவல்துறை நகரெங்கும் தேடியது. 1981இல் அந்தக் கட்டுரைக்கு இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசும் கிடைத்தது. அதன் பிறகே அப்படியொரு சிறுவன் இல்லை என்பது வெளிவந்தது. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சிறுவனுக்காகப் பதறியவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தபோது, மகளை இழந்த ஒரு தந்தை எங்கள் நிருபரிடம் "யார் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை" என்று சொல்லியிருந்தார். அச்சில் வந்ததோ நேர் எதிரானது. மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்தவன் நான். அவர் கத்தவில்லை. "நான் எப்போது தம்பி அப்படிச் சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். மறுப்பு வெளியிடுவோம் என்ற மேலிடம் கடைசிவரை வெளியிடவில்லை. எனவே, "ஒரு தலைப்புக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை.

சொந்தத் துறையையே காட்டிக்கொடுக்கிறேன் என்றும் சொல்வார்கள். 2018இல் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளில் மனிதர்களையும் காட்சிகளையும் புனைந்திருந்ததை அம்பலப்படுத்தியவர், அவருடன் இணைந்து எழுதிய ஹுவான் மொரேனோதான். ஆசிரியர் குழு முதலில் நம்பாதபோதும், அவர் அமெரிக்காவில் சொந்தச் செலவில் ஆதாரம் திரட்டினார். அவர் துறையைக் காட்டிக்கொடுத்தாரா, காப்பாற்றினாரா? உண்மை தெரிந்ததும் அந்த இதழே மோசடியை வெளிப்படையாக எழுதியது. நியூயார்க் டைம்ஸும் 2003இல் தன் நிருபர் ஜேசன் பிளேரின் புனைவுகளைத் தன் முதல் பக்கத்திலேயே விரிவாக வெளியிட்டது.

இங்கே நாம் கேட்பது அவ்வளவுகூட இல்லை. பொய் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், "அவர் இதைச் சொல்லவில்லை, நாங்கள்தான் எழுதினோம்" என்று ஒரு வரி. பழைய தலைப்பை நம்பி அவரை இன்னும் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த வரி போய்ச் சேர வேண்டும்.