ஊர்ப் போர் நினைவுக்கல்லுக்கு எனாமல் அடிக்காதீர்கள்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும், ஊர் நடுவில் இருக்கும் முதல் உலகப்போர் நினைவுக்கல்லுக்கு யாராவது பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுகிறார்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இந்தக் கல்லைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர் என்று இரண்டே எண்கள் இருக்கும். பெயர் ஒன்றுகூட இருக்காது.

என் கட்சி இதுதான்: கல்லைப் பளபளப்பாக்கும் காசில் பெயர்களைத் தேடுங்கள்.

முதலில் கல். வெள்ளைச் சலவைக்கல் என்றால் பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். எலுமிச்சையும் ஆகாது, கம்பி பிரஷும் ஆகாது. நல்ல தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்ப்பது, கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுவது, இவ்வளவு போதும். கல் பதித்த செங்கல் பீடத்துக்கு எனாமல் அடித்தால் என்ன ஆகும்? தரை ஈரம் செங்கல் வழியாக ஏறும். வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்பாகப் பூக்கும். இரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளித்து, செங்கல் மாவாக உதிரும். உடனே "பழைய கட்டடம், பலமில்லை" என்று டைல்ஸ் ஒட்டுவார்கள். (அந்த கிரானைட் டைல்ஸ் மோகத்துக்கு மருந்தே இல்லை.) பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்தை சிமெண்டால் பூசாமல், ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து பூசி, ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள்.

இனி பெயர்கள். எண்ணோடு நிறுத்திக்கொண்டது நம் ஊர்க் கல் மட்டுமல்ல. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் பொறித்து, சிப்பாய்களை எண்ணிக்கையாக விட்டார்கள். ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் இறந்தவர்களின் பெயர் கிடைக்கும்; பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். தேடும்போது, சண்டை ஓய்ந்த 1918-ல் நிறுத்தாதீர்கள்: அந்தப் பதிவேடு 1921 ஆகஸ்ட் வரை போகிறது. காயத்திலும் காய்ச்சலிலும் பின்னால் செத்தவர்கள் அதில்தான் வருவார்கள். வேலூர் என்று போடாமல், அன்றைய மாவட்டப் பெயரான வட ஆற்காடு என்று போடுங்கள். முனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பாருங்கள். சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை), 61-வது பயனியர்ஸ், 80-வது கர்னாடிக் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று படைப்பிரிவு வழியாகவும் வடிகட்டலாம்.

உயிரோடு திரும்பியவர்கள் இந்தப் பதிவேட்டில் இல்லை. அவர்களுக்கு வீட்டுப் பரண்தான் ஆவணக் காப்பகம். அந்தக் காலப் போர்ப் பதக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: படை எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளி என்று உருக்கிவிட்ட குடும்பங்கள்தான் அதிகம். மிச்சத்தையாவது போட்டோ எடுத்து வையுங்கள்.

பெயர்ப் பலகையைப் பழைய கல்லில் துளை போட்டு மாட்ட வேண்டாம், பக்கத்தில் தனிப் பீடம் கட்டுங்கள். 20 மி.மீ. கிரானைட், ஒரு அங்குல எழுத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி. இரும்பு ஆணி துருவேறிப் பருத்து கல்லைப் பிளக்கும். திறந்து வைத்தவர் பெயர் வேண்டுமானால் பின்பக்கம், வீரர்களின் எழுத்தைவிடச் சின்னதாக. வெட்டுவதற்கு முன் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள்; இனிஷியல் தப்பு அப்போதுதான் வெளியே வரும்.