கடையில விக்கிற விதைய நட்டா மட்டும் ஏன் கேசு?

மதுராந்தகம் பக்கம் ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கற என் மச்சான் போன ஞாயித்துக்கிழமை சென்னை வந்தவன், செருப்பக் கூட கழட்டாம போனை நீட்டி ஒரு வீடியோவக் காட்டறான். "மாமா, நெல்லுல என்ன மிஞ்சுது சொல்லுங்க, பேசாம ஹெம்ப் போட்டுடலாம்னு இருக்கேன், விதைய கொரியர்லயே அனுப்பறாங்களாம்." எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஹெம்ப்னா வேற ஒண்ணும் இல்ல, நாருக்கும் விதைக்கும் வளர்க்கற, போதை கம்மியான கஞ்சா செடி ரகம்.

வர்ற வழியில அண்ணா நகர்ல ஹெம்ப் விதை பாக்கெட் வேற வாங்கிட்டு வந்திருந்தான், பின்னாடி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் எல்லாம் இருக்கு. "கவர்மெண்டே சாப்பிடலாம்ங்குது, வளர்த்தா மட்டும் தப்பா?"

நியாயமான கேள்விதான். 2021ல ஹெம்ப் விதை, எண்ணெய், மாவு மூணையும் உணவா ஏத்துக்கிட்டாங்க, உண்மை. 1985ல வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதான் என்டிபிஎஸ், அதுபடி கஞ்சான்னா பூவும் காயும் விட்ட நுனி, அது கூட ஒட்டாம தனியா இருக்கற விதையும் இலையும் அந்தக் கணக்குல வராது. ஆனா செடி வளர்க்கறது வேற கதை. அனுமதி இல்லாம போட்டா பிரிவு 20ல 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். "நாருக்குத்தான் சார் போட்டேன்"னு சொல்லலாம், ஆனா பிரிவு 35ன்னு ஒண்ணு இருக்கு, உனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சன்னு எடுத்துக்கிட்டுதான் கோர்ட்டே ஆரம்பிக்கும், இல்லன்னு நிரூபிக்கறது உன் தலையில.

பிரிவு 14ல ஒரு வழி விட்டிருக்காங்க, நாருக்கும் விதைக்கும் மட்டும்னா அரசு உத்தரவு போட்டு அனுமதிக்கலாம். உத்தராகண்ட்ல 2018ல லைசன்ஸ் குடுக்க ஆரம்பிச்சது அப்படித்தான். வீடியோல காட்டற மலையும் அந்த ஊர் மலைதான், அதை அந்த ஆளு வாயத் தொறந்து சொல்லவே இல்ல! அந்த ஊர் லைசன்ஸ வெச்சு மதுராந்தகத்துல நாத்து விட முடியுமா?

(நடுவுல என் மாமியார், "சணப்பு தானடா, நம்ம தாத்தா காலத்துல இருந்து போடறதுதானே"ன்னாங்க. அத்தை, அது பசுந்தாள் உரத்துக்கு மடக்கி உழற செடி, இங்கிலீஷ் பேர்ல ஹெம்ப்னு வந்தாலும் இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அதுக்கு லைசன்சும் வேணாம்.)

சரி, நாளைக்கே நம்ம ஊர்லயும் உத்தரவு வருதுன்னே வெச்சுக்கோங்க, எனக்கு பயமே அந்த 0.3ல தான். உத்தராகண்ட், அமெரிக்கா ரெண்டு இடத்துலயும் டிஎச்சி, அதாவது செடில போதை ஏத்தற சரக்கு, 0.3 சதவீதத்தத் தாண்டக் கூடாது, காஞ்ச செடி ஒரு கிலோல 3 கிராம். செடி என்ன மீட்டர் பாத்தா வளரும்? பூ முத்த முத்த அது ஏறும். அமெரிக்கால டெஸ்டுக்கு சாம்பிள் எடுத்த 30 நாளைக்குள்ள அறுத்தாகணும். நம்ம ஊர்ல நவம்பர் மழைல வயல்ல காலே வெக்க முடியாது, எங்க அறுக்கறது? அளவு தாண்டிருச்சுன்னா அழிக்கணும், இல்ல அங்க பூவ நீக்கியோ மொத்தமா அரைச்சோ மறுபடி டெஸ்ட்ல தேறணும். ஆனா அமெரிக்காக்காரங்க ஒரு விஷயம் ஒழுங்கா செஞ்சிருக்காங்க, விவசாயி தன்னால ஆனத செஞ்சிருந்து அளவு 1 சதவீதத்துக்குள்ள நின்னா பயிரு போனாலும் போகும், அதை அலட்சியக் குத்தமா எழுத மாட்டாங்க. நம்ம ஊர் விதியில இந்த ஒரு வரி இல்லாம எவன் திட்டம் கொண்டு வந்தாலும் நான் எதிர்ப்பேன், ஏன்னா விதை வித்தவன் காசோட போயிடுவான், 0.4 வந்த ரிப்போர்ட்டோட ஸ்டேஷன்ல நிக்கறது என் மச்சான்.

கடைசியா அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "அடங்கல்ல பயிர் பேருன்னு விஏஓ என்னடா எழுதுவாரு?" பய பேசல.

பாக்கெட்ட அத்தை இட்லிப் பொடில போட்டு அரைச்சுட்டாங்க. எள்ளு பொடி அளவுக்கு இல்ல.