எழும்பூர் போனால் சிலையின் முதுகையும் பாருங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் போய், கால் மணி நேரத்தில் "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வெளியே வரும் குடும்பங்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். அவர்கள் மேல் குற்றமே இல்லை. எதிரே வந்து நின்று, இரண்டு நொடி பார்த்து, அடுத்ததற்கு நகரும் பார்வைக்கு அந்தத் திருமேனிகள் பிடிகொடுக்காது. உற்சவர் என்பவர் வீதியில் போவதற்காக வார்க்கப்பட்டவர். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பக் கற்களோ, தூபியை, அதாவது பௌத்தர்கள் வழிபடும் குவிமாட மேட்டை, வலம் வருகிறவர்களின் கண்ணுக்காகச் செதுக்கப்பட்டவை. ஒன்றில் தெய்வம் நகர்ந்தது, மற்றொன்றில் அடியவர் நடந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் சுவரிலும் வைத்தபோது இரண்டு அசைவும் நின்றுபோயின. அதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறவர் நடந்தாக வேண்டும். என் வாதம் இவ்வளவுதான். எப்படி நடப்பது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒன்றரை மணி நேரம் இருந்தால் செப்புக் கூடத்தில் ஐந்து திருமேனி போதும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். மிச்ச நேரம் அமராவதிக்கு. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பதினாறு ஏக்கருக்கு மேல் வளாகம், நாற்பதுக்கும் மேற்பட்ட கூடங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் கால்வலிதான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு திருமேனியின் முன்னால் நின்றதும் முகத்தைப் பார்க்காதீர்கள். பீடத்தில் தொடங்குங்கள். பீடத்தின் பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். கம்பு செருகியும் கயிறு கட்டியும் வாகனத்திலோ தோளுக்கினியான் என்ற பல்லக்கிலோ ஆடாமல் நிறுத்துவதற்கானவை அவை. பீடத்தின் இரு ஓரத்திலும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள், உருவத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் சட்டகமான திருவாசி பொருந்தும் இடம். திருவாசி தொலைந்திருந்தாலும் முளை சாட்சியாக இருக்கும். இதைப் பார்த்த பிறகு நிமிர்ந்து உருவத்தைப் பாருங்கள். கனமான, சுமக்கப்பட்ட, தெரு பார்த்த ஒரு பொருளாக அது தெரியத் தொடங்கும். தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் இல்லாத கன வார்ப்பு. அவற்றைத் தூக்க ஏன் அத்தனை தோள்கள் தேவைப்பட்டன என்பது அப்போது விளங்கும்.

அடுத்தது உயரம். சீர்பாதம் தாங்கிகளின் தோள்மேல் வரும் உற்சவரைத் தெருவில் நிற்பவர்கள் அண்ணாந்துதான் பார்த்தார்கள். கண் இமைகள் சற்றுத் தாழ்ந்திருப்பது அந்த உயரத்துக்கு ஏற்றபடிதான் அமையும். கூடத்தில் மேடைகள் தாழ்வாக இருக்கும்போது நம் கண் அதன் நெற்றிக்கு நேரே போய்விடுகிறது. முகம் உறைந்ததுபோல் தெரிய இது முக்கியக் காரணம். முழங்காலை மடக்கி, உங்கள் கண் பீடத்தின் மட்டத்துக்கு வரும்வரை தாழுங்கள். பார்வை உங்கள் மேல் விழும் இடம் ஒன்று இருக்கும், அங்கே நில்லுங்கள். மேலிருந்து மட்டும் விழும் விளக்கில் கண்குழிகள் கறுத்துப்போவதும் இந்த இடத்திலிருந்து பார்த்தால் ஓரளவு சரியாகும்.

இப்போது முதுகு. முடிந்தவரை பின்னால் போங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் கண்ணாடிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குங்கள். தலைக்குப் பின்னால் சக்கரம் போல ஒன்று இருக்கும், சிரஸ்சக்கரம். அதன் கீழே பிடரியில் விழும் சுருள்முடி, தோளைச் சுற்றிவரும் பூணூல், இடுப்பில் ஆடையின் முடிச்சு. சாத்துப்படியோடு வீதி வந்தால் பட்டும் மாலையும் மூடி, யாருக்கும் தெரியாமல் போகும் இடங்கள் இவை. அதையும் அந்த ஸ்தபதி மெழுகிலேயே முடித்திருக்கிறார். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பிசைந்து உருவம் செய்து, அதன்மேல் முதலில் நைசான வண்டல் மண், பிறகு கரடான மண் என்று அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். முதல் பூச்சுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது மெழுகின் ஒவ்வொரு கோட்டையும் பிடித்துக்கொண்டால்தான் வார்ப்பில் அது வரும். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவி கிளம்பி உலோகத்தில் துளை விழும், அச்சே வெடிக்கவும் செய்யும். ஒரு அச்சு ஒரே ஒரு வார்ப்புக்குத்தான், உடைத்துத்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். சோழர் கால நல்ல வார்ப்புகளில் நகையும் ஆடை மடிப்பும் மென்மையாக இருப்பது மெழுகிலேயே முடித்ததன் அடையாளம். பிற்காலத்தவற்றில் உலோகத்தின் மேல் உளி வேலை அதிகம், கோடுகள் கூர்மையாக வெட்டுப்பட்டு நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பலகையில் நூற்றாண்டைப் படிக்காமலே வித்தியாசம் தெரியும்.

முகம் தேய்ந்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான ஆண்டு அபிஷேகமும், சந்தனமும், துடைப்பும் சேர்ந்து மூக்கையும் உதட்டையும் மழுக்கியிருக்கின்றன. முகம் கூர்மையாக இருந்தால், அந்தத் திருமேனி சீக்கிரமே மண்ணுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கோயில்ல இருந்து பிடுங்கிட்டு வந்து வச்சிருக்காங்க" என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். இந்தக் கூடத்தின் திருமேனிகளில் பெரும்பாலானவை படையெடுப்புக் காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைக்கப்பட்டு, பின்னாளில் அஸ்திவாரம் தோண்டும்போதும் உழும்போதும் கிடைத்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி இங்கே வந்து சேர்ந்தவை. திருடு போனவற்றைப் பற்றிய கோபம் நியாயமானது. அதை இவற்றின்மேல் காட்டுவது தவறு.

ஐந்தில் முதலில் திருவாலங்காட்டு நடராசர். நான்கு அடிக்குச் சற்றுக் குறைவான உயரம். திருவாசி இல்லை, விரிசடையும் இல்லை. இந்த இழப்பே பார்வைக்கு வழிவிடுகிறது. வட்டமான சட்டகம் இல்லாததால் உடலின் சுழற்சி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. நேரே நின்றால் குறுக்கே வீசிய இடக்கை மார்போடு ஒட்டியதுபோல் தெரியும். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தக் கைக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி திறக்கும். மொத்த ஆட்டமும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பின் கைகள் கிளைக்கும் இடத்தையும் பாருங்கள். சுமாரான வேலையில் கை ஒட்டவைத்தது போல் இருக்கும், இங்கே தோளிலிருந்து வளர்ந்திருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த நடராசரைப் பற்றி எழுதியது 1921இல் அச்சானது. அவர் சென்னைக்கு வந்ததே இல்லை, புகைப்படங்களை வைத்து எழுதினார். நமக்கு நேரிலேயே பார்க்கக் கிடைக்கிறது.

அடுத்து திருவெண்காட்டு அர்த்தநாரி. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒன்று. ஒருபுறம் ஆடை தொடையளவு, மறுபுறம் கணுக்கால்வரை. இதையெல்லாம் எல்லோரும் கவனித்துவிடுவார்கள். நான் கேட்டுக்கொள்வது, அதைப் பாதி பாதியாகப் பாருங்கள். வலப்பக்கம் நின்று பார்த்தால் முழு ஆண், இடப்பக்கம் போனால் முழுப் பெண். எதிரே வரும்போது நடுவில் கோடு எதுவும் கிடையாது. இடுப்பு உமை பக்கம் வளைந்து வெளியேறும்போதே இணைப்பு நிகழ்ந்துவிடுகிறது. உலகின் எந்த அருங்காட்சியகத்திலும் இதற்கு ஈடாக ஒரு உருவத்தை வைக்க முடியாது என்பதை நான் உறுதியாகவே சொல்வேன்.

வடக்குப்பனையூர் இராமர் தொகுதியைச் சேர்த்தே பாருங்கள். இராமரின் கை வில்லைப் பிடிக்கிறது, வில் இல்லை. விரல்களின் மடிப்பிலிருந்து வில்லின் பருமனையும் சாய்வையும் ஊகிக்க முடியும். நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளில் ஒன்றையாவது விடாமல் பாருங்கள். 1856 முதல் அந்த ஊரில் நூற்றுக்கணக்கில் கிடைத்தவை. உச்சியில் எழும் தீச்சுடரைக் கண்டால் அடையாளம் தெரியும். ஐந்தாவதை உங்கள் கண்ணே தேர்ந்தெடுக்கட்டும்.

கண்ணாடிப் பிரதிபலிப்புக்கு ஒரு வழி: கருநிற உடையில் போங்கள். வெள்ளைச் சட்டை நம்மையே கண்ணாடியில் காட்டும். படம் எடுப்பதென்றால் ஃபிளாஷ் வேண்டாம், லென்ஸைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். திறந்திருக்கும் சிலையைத் தொடவே கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பும் கடற்கரை ஈரமும் சேர்ந்தால் செம்பில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும், அது பரவும், உலோகத்தைத் தின்னும். நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த சிலைக்குள் அந்த உப்பு ஏற்கெனவே ஊறியிருக்கலாம். கரும்பச்சையாய் இறுகிய படலம் அப்படி அல்ல, அது கவசம்.

அமராவதிக்கு வருவோம். குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணா கரையில் சுமார் 50 மீட்டர் விட்டத்தில் நின்ற மகாதூபி. 1797இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் காலின் மெக்கன்சி பார்த்தார். 1845இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன, அவற்றில் ஒரு பகுதி 1859இல் லண்டன் போய்விட்டது. ஒரே கட்டடம் கடலுக்கு இருபுறமும் கிடக்கிறது. இங்கே இருப்பவற்றை 19ஆம் நூற்றாண்டில் சுவரில் சிமெண்ட் வைத்துப் பதித்தார்கள். பளிங்கு என்று பேர்தான், உண்மையில் அது சுண்ணாம்புக்கல். சுவரின் ஈரமும் சிமெண்டின் உப்பும் அதற்குள் போய், வெளியே வரும்போது மேற்பரப்பை உரித்துவிடும். செதில் செதிலாக உதிர்ந்த இடங்களைப் பார்த்தால் மனது கேட்காது.

அந்தக் கற்களைத் தனித்தனிப் படமாகப் பார்த்தால் எதுவும் புரியாது. முதலில், தூபியின் உருவமே செதுக்கிய பலகை ஒன்றைத் தேடுங்கள். தூபியின் அடிப்பகுதியைப் போர்த்தியிருந்த பலகைகளில் இந்த உருவம் வரும். அதில் சுற்றுவேலி, வாயில், திசைக்கு ஐந்தாக மேடையில் நிற்கும் ஆயகத் தூண்கள், அண்டம் எனப்படும் குவிமாடம் எல்லாம் இருக்கும். அதுதான் உங்கள் வரைபடம். பிறகு வேலித் தூண்: நடுவில் முழு வட்டம், மேலும் கீழும் அரை வட்டம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூன்று குறுக்குக் கற்கள். வெளிமுகத்தில் தாமரை, உள்முகத்தில் கதை. வெளியே நிற்பவருக்குப் பூ, உள்ளே நுழைந்து வலம் வருபவருக்குப் புத்தர் கதை. எந்தக் கல் எந்தப் பக்கம் பார்த்தது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

நளகிரி யானை வட்டத்தில் ஒரே யானை இரண்டு முறை. இடப்புறம் தெருவில் வெறிகொண்டு மனிதரைத் தூக்கி மிதிக்கிறது, மாடத்திலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்புறம் புத்தர் முன் மண்டியிடுகிறது. நடந்தபடியே இடமிருந்து வலமாகப் பாருங்கள், கூட்டத்தின் நெருக்கம் தளர்ந்து அமைதி வருவது உங்கள் நடையோடு சேர்ந்தே நிகழும். புத்தரை வெறும் ஆசனமாகவும் பாதமாகவும் காட்டும் கற்களும், மனித உருவில் காட்டும் கற்களும் அங்கே இருக்கின்றன. அவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விக்டோரியா நினைவுக்காக ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909இல் திறந்த செந்நிறக் கட்டடம்தான் பின்னாளில் தேசியக் கலைக்கூடமானது. சத்தியவேட்டுக் கல், பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசா என்ற முகலாய வாயிலைப் பார்த்துச் செய்த முகப்பு. அங்கே அந்த வாயில் உயர்ந்த படிக்கட்டுகளின் மேல் நிற்கிறது, ஏறி வருபவரை அது அடக்குகிறது. இங்கே சமதரையில் அந்த ஏற்றம் இல்லாததால் முகப்பு வெறும் முகமாகவே நிற்கிறது என்பது என் கருத்து. கல்வேலையோ அபாரம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ வெளியே நீளும் கூரை விளிம்பின் நிழலில் செதுக்கல்கள் எழுந்து வரும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். 1896இல் கட்டிய அரங்கத்தின் அரைவட்ட முகப்பையும் ஒருமுறை நடந்தே வளைத்துப் பாருங்கள்.

அருங்காட்சியகத்திடம் கேட்பதற்கு மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றுக்கும் பெரிய செலவில்லை. சுவரோரப் பெட்டிகளில் திருமேனிக்குப் பின்னால் கோணமாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தால் முதுகு எல்லோருக்கும் தெரியும். அமராவதிக் கூடத்தில் ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் தூபியின் சிறு கோட்டுப்படம் போட்டு, இந்தக் கல் எங்கே இருந்தது, எந்த முகம் பார்த்தது என்று குறிக்கலாம். பெயர்ப்பலகையில் ஊர், நூற்றாண்டோடு எந்த ஆண்டு எந்தச் சூழலில் கிடைத்தது என்று தமிழில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம். இதைப் படிக்கிறவர்களில் அங்கே பணிபுரிபவர்கள் இருந்தால் தயவுசெய்து மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள். போய்வருகிறவர்கள் பார்வையாளர் குறிப்பேட்டில் இதையே எழுதி வையுங்கள்.