லிங்க்ட்இன் பக்கத்தை யாருக்காக எழுதுகிறோம்?

வேலை தேடுகிறவர்கள் யாராவது தங்கள் லிங்க்ட்இன் ப்ரொஃபைலை அனுப்பி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேட்டால் நான் உடனே அதைத் திறப்பதில்லை. முதலில் தேடிப் பார்ப்பேன். அவர் பெயரைப் போட்டு அல்ல. அவருக்கு என்ன வேலை வேண்டுமோ அந்தப் பதவியின் பெயரையும், அந்த வேலைக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றிரண்டு விஷயங்களையும் தேடல் பெட்டியில் போட்டு, ஊரையும் குறிப்பிட்டுத் தேடுவேன். பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் பெரும்பாலும் ஆளைக் காணோம். தேடல் முடிவு பார்ப்பவரைப் பொறுத்து மாறும் என்பது உண்மைதான். ஆனாலும் பக்கத்தைத் திறந்ததும் காரணம் புரிந்துவிடும். அந்தப் பதவியின் பெயர் அதில் ஓர் இடத்திலும் இருக்காது. கடின உழைப்பாளி, கற்பதில் தீராத ஆர்வம், புதிய சவால்களை எதிர்நோக்குகிறேன் - இதெல்லாம் தாராளமாக இருக்கும்.

என் கட்சி இதுதான். ப்ரொஃபைல் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் முக்கால்வாசி, பார்ப்பவரை அசத்துவது எப்படி என்று சொல்பவை. வேலை தேடுகிறவரின் முதல் பிரச்சினை அசத்துவது இல்லை, கண்ணில் படுவது. கண்ணில் பட்டால், இவர் இன்ன வேலை செய்பவர் என்று சட்டெனப் புரிய வைப்பது. சக ஊழியரும் சொந்தக்காரரும் பழைய வகுப்புத் தோழரும் பார்த்து மெச்ச வேண்டும் என்று எழுதிய பக்கத்தால் இந்த இரண்டுமே நடக்காது.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆள்சேர்ப்பில் இருப்பவர்கள் (ரெக்ரூட்டர்கள்) பலர் நாம் பார்க்கும் லிங்க்ட்இன்னைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கென்று 'லிங்க்ட்இன் ரெக்ரூட்டர்' என்ற கட்டணச் சேவை தனியாக இருக்கிறது. பதவி, திறன், இடம், அனுபவ ஆண்டுகள், நிறுவனம் என்று வடிகட்டி, ஆயிரக்கணக்கானவர்களை ஒரு சிறு பட்டியலாகக் குறைத்துக்கொள்கிறார்கள். இது கட்டாயம் வேண்டும், இது அல்லது அது இருந்தால் போதும், இது இருக்கவே கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுத் தேடலாம். அப்படி வரும் பட்டியலில் ஒரு சின்னப் படம், பெயர், தலைப்பு வரி, ஊர், பார்த்த வேலைகளின் பெயர் என்று கொஞ்ச இடம்தான் நமக்கு. அதை வைத்துத்தான் திறக்கலாமா, அடுத்தவருக்குப் போகலாமா என்று முடிவாகிறது. அவருக்கு அன்றைக்கு இன்னும் பல பதவிகளுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்தை நிதானமாகப் படித்து உட்பொருள் தேடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது ஹெட்லைன் என்கிற அந்தத் தலைப்பு வரியில். இடைவெளி, குறியீடு எல்லாம் சேர்த்து 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் இப்போதைய பதவியையும் நிறுவனத்தையும் தளமே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பதவிப் பெயராக இருந்தால் இன்னும் மோசம். 'அசோசியேட் லெவல் 2' என்று வெளியில் யார் தேடப்போகிறார்கள்?

கணக்குப் பிரிவில் இருந்து வேலை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன் | ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்கவர் | குழுவோடு இணைந்து செயல்படுபவர்." ஊரில் உள்ள எல்லாரும் இதைத் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கணக்கு என்ற சொல்லே இதில் இல்லை. இதையே, "அக்கவுன்டன்ட் | அக்கவுன்ட்ஸ் பேயபிள், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல், மாத இறுதிக் கணக்கு முடிப்பு | எஸ்ஏபி, எக்செல் | உற்பத்தித் துறை" என்று மாற்றிப் பாருங்கள். அழகான வரி இல்லை, படிக்கவும் வறட்சிதான். ஆனால் தேடுகிறவரின் விரல் தட்டச்சு செய்யும் சொற்கள் அத்தனையும் இதில் இருக்கின்றன. வேலை தேடுகிறேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இந்த வரியின் வால் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். முதல் சொற்கள் தொழிலைச் சொல்லட்டும்.

எந்தச் சொற்களைப் போடுவது என்று குழம்ப வேண்டாம். உங்களுக்கு வேண்டிய வேலைக்கான விளம்பரங்கள் சிலவற்றைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருகிற சொற்களைக் குறியுங்கள். அதில் உங்களுக்கு உண்மையிலேயே பொருந்துவதை மட்டும் எடுத்து ஹெட்லைன், வேலை விவரம், திறன் பட்டியல் மூன்றிலும் சேருங்கள். பொருந்தாததையும் சேர்த்து அடைத்தால் பட்டியலில் வருவீர்கள்தான். முதல் தொலைபேசி உரையாடலிலேயே விழுந்துவிடுவீர்கள்.

அடுத்தது, நம்மைப் பற்றி நாமே எழுதும் 'அபௌட்' பகுதி. 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் முதல் சில வரிகள் மட்டும்தான் திறக்காமலே தெரியும், மீதியைப் பார்க்க 'சீ மோர்' அழுத்த வேண்டும். எனவே பிறந்து வளர்ந்த கதையில் ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்கு வேறொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஏஐ கருவியிடம் சொல்லி எழுதி வாங்கிய 'அபௌட்' பகுதிகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. வேகமாக மாறிவரும் உலகில் என்று தொடங்கி, தொழில்நுட்பத்தையும் மனிதநேயத்தையும் இணைக்கும் பாலமாக என்று போய், ஒன்றாகப் பேசலாம் வாருங்கள் என்று முடியும். எழுத்துப் பிழை திருத்த அந்தக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் நீங்களே சொல்லுங்கள். அது அதற்குத் தெரியாது.

'எக்ஸ்பீரியன்ஸ்' பகுதியிலும் இதேதான். "வாடிக்கையாளர் அழைப்புகளைக் கையாண்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். என்ன மாதிரி அழைப்புகள் என்று கேட்டேன். பணம் திரும்பக் கேட்கும் புகார்கள் என்றார். அப்புறம்? ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருந்ததால் பதில்களை ஒரு கோப்பாக எழுதி வைத்தேன், புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள் என்றார், ஏதோ பெரிய விஷயம் இல்லாதது போல. அவருடைய பக்கத்தில் இருக்க வேண்டிய ஆகச் சிறந்த வரி அதுதான், அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதியிருந்தார். நிறைய பேர் இப்படித்தான். தினமும் செய்வது தனக்குச் சாதாரணமாகத் தெரிவதால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே எண்கள் போடச் சொல்லி ஒரு பிரபலமான அறிவுரை உண்டு. உண்மையான எண் கையில் இருந்தால் போடுங்கள், நல்லதுதான். ஆனால் "செயல்திறனை 37 சதவீதம் உயர்த்தினேன்" என்று எங்கிருந்தோ வந்த எண்ணைப் பார்த்தால் நேர்காணலில் இருக்கும் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, எதை வைத்து அளந்தீர்கள் என்பதுதான். பதில் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள மற்ற உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். தேதிகளும் அப்படித்தான். ரெஸ்யூமேயில் ஒரு மாதம், லிங்க்ட்இன்னில் வேறு மாதம் என்று இருந்தால் பின்னணிச் சரிபார்ப்பில் தேவையில்லாத தலைவலி. வேலையில் இடைவெளி இருந்தால் தேதியை இழுத்து மறைக்க வேண்டாம். குழந்தை வளர்ப்பு, உடல்நலம், படிப்பு, ஆட்குறைப்பு என்று காரணத்தோடு 'கரியர் பிரேக்' சேர்க்கும் வசதியை 2022-லேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

புகைப்படம் பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. முகம் தெளிவாக, தனியாக, அண்மையில் எடுத்ததாக இருந்தால் போதும். 'எண்டார்ஸ்மென்ட்' என்கிற திறன் சான்றுகளை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை, நம்மோடு வேலையே பார்க்காதவர்கள்கூட ஒரு சொடுக்கில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 'ரெகமெண்டேஷன்' அப்படி இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், அவர் பெயரோடு வரும். ஆனால் "எனக்கு ஒரு ரெகமெண்டேஷன் எழுதுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் நல்லவர், வல்லவர் என்றுதான் வரும். "அந்தப் பழைய சர்வரை மாற்றும்போது நாம் இருவரும் செய்த வேலையைப் பற்றி நாலு வரி எழுத முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், வருவதே வேறு மாதிரி இருக்கும்.

சரி, பக்கம் தயார். ரெக்ரூட்டர் வந்து கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? இங்கேதான் நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பான கதவைத் தட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். ஒன்று, நெருங்கிய நண்பர்களிடமே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இல்லையென்றால், முன்பின் தெரியாத நூறு பேருக்கு ஒரே செய்தியை அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாகத்தான் பார்ப்பேன் என்றவர்கள் 27.8 சதவீதம். யோசித்தால் புரிகிறது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த வேலைச் செய்தி பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். எப்போதோ கூட வேலை பார்த்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போனவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும்.

இதையே லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்தாண்டுகள் சோதித்துப் பார்த்த ஆய்வு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று தளம் காட்டும் பரிந்துரைகளை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டி, யாருக்கு வேலை மாறியது என்று பார்த்தார்கள். (நம்மைக் கேட்காமலேயே நம்மை வைத்துச் சோதனையா என்று அதற்கு விமர்சனமும் வந்தது. நியாயமான விமர்சனம்தான்.) ரொம்ப நெருக்கமும் இல்லாமல், அறவே அந்நியமும் இல்லாமல், மிதமான பழக்கத்தில் இருப்பவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள் என்பது முடிவு. டிஜிட்டல்மயம் குறைந்த துறைகளில் மட்டும் நெருங்கிய தொடர்புகள் அதிகம் கைகொடுத்தன. உங்கள் துறை அப்படிப்பட்டது என்றால் இந்தத் தளத்தில் செலவழிக்கும் நேரத்தில் பாதியைத் தொலைபேசிக்குக் கொடுங்கள்.

அந்த மிதமான பழக்கக்காரருக்கு எப்படி எழுதுவது? "ஹாய் சார், ஏதாவது ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள்" என்பது கேட்பவருக்கு எளிது, பதில் சொல்பவருக்குப் பாரம். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், எது வேண்டும், அவர் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே யோசிக்க வேண்டும். யோசிக்காமல் விட்டுவிடுவார். மாறாக இப்படி எழுதலாம்: "வணக்கம். பில்லிங் ப்ராஜெக்டில் நான் டெஸ்டிங் பக்கம் இருந்தேன், நீங்கள் டெவலப்மென்ட் டீமில். உங்கள் நிறுவனத்தில் டெஸ்ட் லீட் பதவிக்கு விளம்பரம் பார்த்தேன், லிங்க் கீழே. விண்ணப்பிக்கும் முன்னால் அந்த டீம் எப்படி என்று உங்களிடம் பத்து நிமிடம் கேட்க முடியுமா? நேரமில்லை என்றால் பரவாயில்லை." இதில் கெஞ்சலும் இல்லை, மறைமுகப் பேச்சும் இல்லை. பேசி முடித்த பிறகு அவரே உங்களைத் தன் நிறுவனத்துக்கு ரெஃபர் (பரிந்துரை) செய்யட்டுமா என்று கேட்பது நடக்கக்கூடியதுதான். கேட்காவிட்டாலும் அந்த டீம் பற்றி உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும்.

வேலை தேடுகிறேன் என்று காட்ட, படத்தைச் சுற்றி 'ஓபன் டு வொர்க்' என்ற பச்சை வளையம் போடலாமா, போட்டால் மதிப்புக் குறையுமா என்று விவாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலை இல்லாமல் இருப்பவர் போடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம் என்பது என் கருத்து. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் பச்சை வளையம் வராது. உங்கள் சொந்த நிறுவனத்து ரெக்ரூட்டர்களிடம் அதை மறைக்க முயல்வதாக லிங்க்ட்இன் சொல்கிறது, முழு உத்தரவாதம் தருவதில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திருத்தும்போது மாற்றங்களை எல்லாருக்கும் அறிவிக்கும் வசதியை அணைத்துவிட்டுத் திருத்துங்கள்.

வேலை தேடுகிறேன் என்று பகிரங்கமாகச் சொன்னவுடன் மோசடிக்காரர்களும் வருவார்கள். பெரிய நிறுவனத்தின் பெயர், அழகான படம், உடனடி வேலை, பேச்சை டெலிகிராமுக்கோ வாட்ஸப்புக்கோ மாற்றும் அவசரம், பிறகு பயிற்சிக் கட்டணம் அல்லது லேப்டாப்புக்கு முன்பணம். பணம் என்ற சொல் வந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். அந்த வேலை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா, மின்னஞ்சல் அந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருகிறதா என்று பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

கடைசியாக, இப்போது வேலையில் பத்திரமாக இருப்பவர்களுக்கு ஒன்று. லிங்க்ட்இன் கணக்கை ஆபீஸ் மின்னஞ்சலில் மட்டும் திறந்து வைத்திருப்பவர்கள் நிறைய பேர். ஆட்குறைப்பு என்று வந்தால் அந்த மின்னஞ்சல் அன்றைக்கே மூடப்படலாம். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் அதை மாற்றுவதற்கான குறியீடு அந்த மூடிய பெட்டிக்குத்தான் போகும். செட்டிங்ஸில் போய் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து, அதையே முதன்மை முகவரியாக வைத்துவிடுங்கள்.